பினாங்கில் ஒரு பகல்: கப்பல் நிற்கும் நேரத்தில் எதைப் பார்க்கலாம், எதை விடலாம்

கேள்வி இதுதான். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் மூன்று இரவுக் கப்பல் ஒரு நாள் மலேசியாவின் பினாங்கில் நிற்கிறது, காலை 8 முதல் மாலை 5 வரை. இந்தியாவிலிருந்து போகிறோம், கூட வருபவர்கள் அறுபதைத் தாண்டிய அப்பா அம்மா, பத்து வயதுப் பையன். கப்பல்காரர்கள் விற்கும் சுற்றுலாவை வாங்குவதா, நாமே சுற்றுவதா? பினாங்கு மலைக்குப் போய்வர நேரம் இருக்குமா?

நீங்களே சுற்றுங்கள். மலையை இந்த முறை விட்டுவிடுங்கள். காரணம் எளிது. பல துறைமுகங்களில் கப்பல் ஒரு இடத்தில் நிற்கும், பார்க்க வேண்டிய ஊர் ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும். பினாங்கில் அப்படியில்லை. ஸ்வெட்டன்ஹாம் பயணிகள் முனையத்தை விட்டு வெளியே வந்தால் சில நிமிட நடையில் விக்டோரியா மணிக்கூண்டு. அங்கிருந்து ஒன்றரைக் கிலோமீட்டருக்குள், 2008இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஜார்ஜ் டவுன் கிட்டத்தட்ட முழுவதும் அடங்கிவிடும். இவ்வளவு அருகில் ஊர் இருக்கும்போது பேருந்தில் ஏறி உட்காருவது நேரத்தை விற்பதற்குச் சமம்.

முதலில் நேரக் கணக்கு. அட்டவணையில் 8 முதல் 5 என்று இருந்தால் கையில் ஒன்பது மணி நேரம் இருப்பதாக நினைக்காதீர்கள். 8 என்பது கப்பல் கரையைத் தொடும் நேரம். துறைமுக அதிகாரிகள் அனுமதி கொடுத்து, இறங்குபாலம் திறக்க அரை மணியிலிருந்து ஒரு மணி வரை ஆகலாம். 5 என்பது கயிற்றை அவிழ்க்கும் நேரம். எல்லாரும் ஏறியிருக்க வேண்டிய நேரம் அதற்கு அரை மணி முதல் ஒரு மணி வரை முன்னால் இருக்கும். கப்பலுக்குக் கப்பல் மாறும். அன்றைய நிகழ்ச்சித் தாளிலும் இறங்கும் வாசலில் வைத்திருக்கும் பலகையிலும் எழுதியிருப்பார்கள். அந்தப் பலகையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி நேரம் 4 என்று வைத்துக்கொண்டால், முனைய வாசலில் 3 மணிக்கு நிற்பதுபோல் திட்டமிட வேண்டும். ஏனென்றால் எல்லாருமே கடைசி அரை மணியில்தான் வருவார்கள், பாதுகாப்புச் சோதனை வரிசை வெளியே வரைக்கும் நீளும். ஆக உங்கள் கையில் இருப்பது 8.45 முதல் 3 வரை, ஆறேகால் மணி நேரம். மிச்சம் எல்லாம் கணக்கில் வராத காசு.

இறங்கும்போதும் இதே சிக்கல். இறங்கலாம் என்று ஒலிபெருக்கியில் சொன்ன ஐந்தாவது நிமிடம் மின்தூக்கிகள் எல்லாம் நிரம்பிவிடும். சாப்பாட்டை 7.30க்கே முடித்து, தொப்பி, தண்ணீர், கப்பல் அட்டை எல்லாம் எடுத்துக்கொண்டு இறங்கும் தளத்துக்குப் பக்கத்துத் தளத்தில் காத்திருங்கள். இல்லாவிட்டால் ஒரு மணி நேரம் பொறுத்து நிதானமாக இறங்குங்கள். நடுவில் போய் மாட்டிக்கொள்வதுதான் மோசம்.

காகிதங்கள் விஷயத்தில் கரையில் சறுக்குபவர்களைவிட ஊரிலேயே சறுக்குபவர்கள் அதிகம். கப்பல் சிங்கப்பூரை விட்டு வெளியே போய் மறுபடி உள்ளே வருகிறது. எனவே சிங்கப்பூர் விசா பலமுறை நுழையும் வகையாக இருக்க வேண்டும். ஒருமுறை மட்டும் என்று இருந்தால் கப்பலில் ஏறவே விடமாட்டார்கள். மலேசியாவுக்கு இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்கள் 2023 டிசம்பர் 1 முதல் விசா இல்லாமல் 30 நாள் வரை போகலாம். இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் மின்னணு வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். இலவசம்தான், பணம் கேட்கும் தளம் என்றால் அது அரசுத் தளம் இல்லை. சிங்கப்பூருக்குத் திரும்பும்போது அவர்களுடைய வருகை அட்டையும் அதே மூன்று நாள் கணக்குத்தான். கடலில் இணையம் மெதுவாகவும் விலை அதிகமாகவும் இருக்கும் என்பதால், இரண்டையும் கப்பல் ஏறுமுன்பே முடிக்க முடிகிறதா பாருங்கள்.

வாடகை வண்டி கூப்பிடும் கிராப் செயலியை இந்தியாவில் இருக்கும்போதே இறக்கி, உங்கள் எண்ணுக்குக் குறுஞ்செய்தியில் வரும் கடவு எண்ணைப் (OTP) போட்டுப் பதிவு செய்துவிடுங்கள். பினாங்கில் இறங்கி, உள்ளூர் சிம் போட்ட பிறகு அந்தக் குறுஞ்செய்தி பழைய எண்ணுக்குப் போய்க்கொண்டிருக்கும், வெயிலில் நின்று முழிக்க வேண்டியதுதான். கப்பல் கிளம்பும்போது கைப்பேசியை விமானப் பயன்முறைக்கு (airplane mode) மாற்றுங்கள். நடுக்கடலில் கப்பலின் சொந்தச் செல்பேசி வலையமைப்பில் அது தானாகவே ஒட்டிக்கொண்டால் வரும் கட்டணம் ஒரு நாள் சுற்றுலாச் செலவைத் தாண்டும்.

கையில் கொஞ்சம் வெள்ளி வேண்டும். ரிங்கிட்டை அங்கே தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள். கப்பலில் மாற்றினால் நட்டம். ஜார்ஜ் டவுனின் இந்தியக் கடைத்தெருப் பகுதியான லிட்டில் இந்தியாவில் நாணய மாற்றுக் கடைகள் வரிசையாக இருக்கின்றன, பல தமிழ் முஸ்லிம்கள் நடத்துபவை. ரூபாய் நோட்டும் வாங்குவார்கள், ஆனால் சிங்கப்பூர் டாலருக்குக் கிடைக்கும் விலை மேல். நான்கு பேருக்கு 200 வெள்ளி இருந்தால் சாப்பாடு, நுழைவுச்சீட்டு, வண்டி எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய போதும். 5, 10 வெள்ளித் தாள்களாகக் கேட்டு வாங்குங்கள். இந்தக் கடைகள் திறக்கப் பத்து மணி ஆகிவிடும் என்பதால், காலைச் செலவுக்கு 50 வெள்ளியைச் சிங்கப்பூரிலேயே மாற்றி வைத்துக்கொள்வது நல்லது.

இனி நடை. பெரும்பாலானவர்கள் முனையத்திலிருந்து நடக்க ஆரம்பித்து, உச்சிவெயிலில் ஊரின் கோடியில் களைத்துப்போய் நின்று வண்டி தேடுவார்கள். நீங்கள் தலைகீழாகச் செய்யுங்கள். முதலில் வண்டியில் ஊரின் மறுகோடிக்குப் போய், அங்கிருந்து கப்பலை நோக்கி நடந்து வாருங்கள். நேரம் ஆக ஆக வாசல் நெருங்கிக்கொண்டே இருக்கும். அப்பாவுக்கு முழங்கால் வலித்தாலும், மழை பிடித்தாலும், இரண்டு நிறுத்தங்களைத் தாண்டிக் குதித்துப் போய்விடலாம்.

முனைய வாசலில் நின்று கூவும் வண்டிக்காரர்களைத் தாண்டி, மணிக்கூண்டு வரை நடந்துபோய்க் கிராப் கூப்பிடுங்கள். வாசலில் நெரிசல், ஓட்டுநரைக் கண்டுபிடிப்பதற்குள் அழைப்பு ரத்தாகிவிடும். மணிக்கூண்டைப் போகிற போக்கில் பார்த்துக்கொள்ளலாம்: விக்டோரியா ராணியின் 60 ஆண்டு ஆட்சியின் நினைவாக, ஆண்டுக்கு ஓரடி என்று 60 அடி. லேசாகச் சாய்ந்திருக்கும், இரண்டாம் உலகப்போர்க் குண்டுவீச்சின் மிச்சம்.

போக வேண்டிய இடம் சியூ ஜெட்டி, வெல்ட் கீ சாலையில். ஐந்து நிமிடப் பயணம். கடலுக்குள் மரக்கால்கள் நட்டு, அவற்றின் மேல் பலகைத் தெரு, இருபுறமும் வீடுகள். சியூ என்ற சீனக் குலத்தார் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். காலை 9 மணிக்கு அங்கே நின்றால் கூட்டம் இருக்காது. 11க்குப் போனால் பேருந்துச் சுற்றுலாக்கள் அத்தனையும் அங்கேதான். இது குடியிருப்பு, காட்சிச்சாலை அல்ல. திறந்த கதவு வழியாகப் பூசை மாடத்தைப் படம் எடுக்காதீர்கள். பலகைகளுக்கு இடையே இடைவெளி உண்டு, பையனை ஓடவிடாதீர்கள். அரை மணி போதும்.

அங்கிருந்து சாலையைக் கடந்தால் ஆர்மீனியன் தெரு. 2012இல் எர்னஸ்ட் சக்கரேவிச் என்ற லித்துவேனிய ஓவியர் வரைந்த சுவரோவியங்கள்தான் இந்தத் தெருவை உலகுக்குக் காட்டின. சுவரில் இரண்டு குழந்தைகள், அவர்கள் ஏறியிருப்பது மட்டும் நிஜ மிதிவண்டி. கப்பல் வந்த நாளில் பத்தரைக்கு மேல் இதன் முன்னால் வரிசை நிற்கும். பக்கத்து ஆ குவீ தெருவில் மோட்டார்சைக்கிள் பையன் இருக்கிறான், அங்கே வரிசை குறைவு. எல்லாச் சுவரோவியத்தையும் தேடிப் பிடிக்கிறேன் என்று வரைபடத்தோடு கிளம்பினால் அரைநாள் போய்விடும். இந்த இரண்டு போதும். வளைத்த இரும்புக் கம்பியால் செய்த கேலிச்சித்திரங்கள் வழியெங்கும் தானாகவே கண்ணில் படும், ஒவ்வொன்றும் அந்தத் தெருவின் பழைய கதையைச் சொல்லும்.

இரண்டு நிமிடம் நடந்தால் கூ கொங்சி. கூ குலத்தாரின் குலக்கோயிலும் கூடமும் சேர்ந்தது. பணம் கொடுத்துப் பார்க்க ஒரே ஓர் இடம்தான் என்றால் இதைத்தான் சொல்வேன். 1901இல் கட்டி முடித்த கையோடு எரிந்து போனது. அரண்மனையைப் போல இவ்வளவு ஆடம்பரமாகக் கட்டியதால் தெய்வம் பொறுக்கவில்லை என்று ஊர் பேசியது. அளவைக் குறைத்து 1906இல் திரும்பக் கட்டினார்கள். குறைத்துக் கட்டியதே இப்படியா என்று கூரையைப் பார்த்துத் தோன்றும். கூரை முகட்டில் உடைந்த பீங்கான் சில்லுகளை ஒட்டிச் செய்த டிராகன்களும் பூக்களும் இருக்கின்றன. பத்தடி தள்ளி நின்றால் சிற்பம். கிட்டே பார்த்தால் ஒவ்வொரு செதிலும் ஒரு கிண்ணத்தின் விளிம்பு. கீழே குலத்தில் பட்டம் பெற்றவர்களின் பெயர்ப்பலகைகள் தொங்கும். முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். கழிப்பறையையும் இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். 1801இல் இங்கிருந்த தமிழ் முஸ்லிம்களின் தலைவர் காதர் முகைதீன் நிறுவியது. சூலியா தெரு என்று பெயர் வந்ததும் இந்த மக்களால்தான். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த முஸ்லிம்களைச் சூலியர் என்றார்கள். தொழுகை நேரம் தவிர உள்ளே விடுவார்கள், மேலங்கி அவர்களே தருவார்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் போகாதீர்கள். அங்கிருந்து குயீன் தெரு மகா மாரியம்மன் கோயில் நான்கு நிமிட நடை. 1833ஆம் ஆண்டுக் கோயில். எல்லாக் கோயில்களையும் போல மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் பதினொன்றரைக்குள் போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே மணி தவறி நடை சாத்திய கதவைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் தினமும் உண்டு.

வெயில் ஏறியிருக்கும். ஜார்ஜ் டவுன் கடைகளின் முன்னால் ஐந்தடி அகலத்தில் கூரைபோட்ட நடைபாதை ஓடும், அங்குள்ள தமிழர்கள் அஞ்சடி என்பார்கள். வெயிலுக்கும் மழைக்கும் அதிலேயே நடக்கலாம். ஆனால் கடைக்குக் கடை தளத்தின் உயரம் மாறும், நடுவில் மோட்டார்சைக்கிள் நிறுத்தியிருப்பார்கள். பெரியவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான்.

பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு. பினாங்கு வந்து நாசி கண்டார் சாப்பிடாமல் போவது, அசைவக்காரர்கள் தமக்குத் தாமே செய்துகொள்ளும் அநியாயம். நாசி என்றால் சோறு, கண்டார் என்றால் தோள்கம்பில் சுமப்பது. தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் காவடிபோல ஒரு பக்கம் சோறும் மறு பக்கம் குழம்புமாகத் தூக்கிக்கொண்டு துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்ற சாப்பாடு இது. கேம்பெல் தெருவில் 1907 முதல் இருக்கும் ஹமீதியா பழைய பெயர். கடையில் மேசையில் உட்கார்ந்து காத்திராதீர்கள்; வரிசையில் நின்று கண்ணாடிக்கு முன்னால் போக வேண்டும். சோறு வாங்கியதும் கோழியா, ஆடா, மீனா என்று விரலால் காட்டுங்கள். பிறகு வெண்டைக்காயோ முட்டைக்கோசோ. கடைசியில் குழம்பு. இங்கே ‘குவா சம்பூர்’ என்று சொன்னால் மூன்று நான்கு குழம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றுவார். ‘பஞ்சிர்’ என்றால் வெள்ளம், சோறு மூழ்கும்வரை. தமிழிலேயே, “அண்ணே, காரம் கம்மியா இருக்கிற குழம்பு எது?” என்று கேட்டால் பல கடைகளில் தமிழிலேயே பதில் வரும். தவறு நடப்பது ஒரே இடத்தில்: பெரிய இறால், மீன்தலை, கணவாய் முட்டை. இவற்றின் விலை எழுதியிருக்காது. கை காட்டுமுன் “இது எவ்வளவு வெள்ளி?” என்று கேட்டுவிடுங்கள், கல்லாவில் போய் அதிர்ச்சி அடைய வேண்டாம்.

சைவம் என்றால் கவனம். தெருவோரச் சீனக் கடையில் காய்கறி நூடுல்ஸ் என்று வாங்கினாலும் பன்றிக் கொழுப்பில் வதக்கியிருக்கலாம். சம்பல் என்ற மிளகாய்த் துவையலில் இறால் விழுதான பிளாச்சான் இருக்கும். பழக் கலவையான ரோஜாக்கின் கறுப்புச் சாறும் இறால்தான். புளிப்பு நூடுல்ஸான அசாம் லக்சாவில் ஊற்றுவது மீன் குழம்பு. பேசாமல் லிட்டில் இந்தியாவில் பினாங்கு தெருவை ஒட்டிய வாழையிலைச் சைவக் கடைகளுக்குப் போய்விடுங்கள். செண்டோல் மட்டும் பயமில்லாமல் சாப்பிடலாம்: துருவிய பனிக்கட்டி, தேங்காய்ப்பால், பனைவெல்லப் பாகு, பச்சை நிற மாவு இழைகள், சிவப்புப் பயறு.

ஒன்றேகால் முதல் இரண்டரை வரை வெயிலின் உச்சம். அந்த நேரத்துக்கென்றே சர்ச் தெருவில், மலாய் வழக்கங்களோடு கலந்துபோன சீனர்களான பெரனாக்கான்களின் மாளிகை இருக்கிறது. கூரையின் கீழ் உட்காரலாம், நகைகளும் மணிவேலைச் செருப்புகளும் ஆங்கிலேய ஓட்டுத்தரையும் பார்க்கலாம், அம்மாவுக்குப் பிடிக்கும். அங்கிருந்து முனையத்துக்குப் பத்து நிமிட நடை. வழியில் கார்ன்வாலிஸ் கோட்டை. 1786இல் பிரான்சிஸ் லைட் கால்வைத்த இடம். வெளியிலிருந்து பார்த்தாலே போதும், நேரம் இருந்தால் பையனுக்குப் பீரங்கிகளைக் காட்டலாம்.

இப்போது மலை. முனையத்திலிருந்து ஆயர் ஈத்தாம் அடிவார நிலையத்துக்குப் போக அரை மணிக்கு மேல். இழுவை ரயிலுக்குச் சீட்டும் வரிசையும், கூட்டமான நாளில் ஒரு மணி. மேலே ஒரு மணியாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏறியதற்கே அர்த்தமில்லை. இறங்க மறுபடி வரிசை. திரும்பி வர முக்கால் மணி. நாலரை மணி நேரம் போய்விடும், அதில் பாதி நிற்பதிலேயே. மேகம் மூடினால் மேலிருந்து தெரிவது வெண்மை மட்டும். பிடிவாதமாகப் போகத்தான் வேண்டும் என்றால் இறங்கிய உடனே போங்கள், விரைவு வரிசைச் சீட்டை முன்கூட்டியே வாங்குங்கள், வழியில் இருக்கும் கெக் லோக் சீ புத்தக் கோயிலோடு நாளை முடித்துக்கொள்ளுங்கள். கப்பலின் சுற்றுலாவை வாங்குவதற்கு நியாயம் இருப்பது இந்த ஒரு வழியில்தான். அவர்களுடைய பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும், உங்கள் கிராப் தாமதமானால் காத்திருக்காது.

மலைக்குப் பதிலாக முருகன் போதும் என்பவர்களுக்குத் தண்ணீர்மலை இருக்கிறது. பாலதண்டாயுதபாணி கோயில், 513 படிகள். காலை 9 மணிக்கே வண்டியில் நேரே போய், படியேறி, பத்தரைக்குள் ஊருக்குத் திரும்பிவிடலாம்; சியூ ஜெட்டியையும் சுவரோவியத்தையும் கைவிட வேண்டிவரும். தைப்பூசத்தை ஒட்டிய நாட்களில் அந்தப் பக்கச் சாலைகள் மூடியிருக்கும், வண்டிக் கணக்கு எதுவும் பலிக்காது.

சில பயணங்களில் கப்பல் பிற்பகலில் வந்து இரவில் கிளம்பும். அப்போது வரிசையைத் திருப்பிப் போடுங்கள். கூ கொங்சியும் பெரனாக்கான் மாளிகையும் ஐந்து மணிவாக்கில் மூடிவிடும் என்பதால் அவை முதலில். கோயில் நடை மாலையில் திறக்கும். லிட்டில் இந்தியா இருட்டிய பிறகுதான் அழகு. சியூ ஜெட்டிக்கு இரவில் நேரம் கழித்துப் போக வேண்டாம், குடியிருப்போர் தூங்க வேண்டும்.

கப்பல் புக்கெட்டுக்கும் போகிறது என்றால் ஒரு எச்சரிக்கை: தாய்லாந்து நேரம் மலேசியாவைவிட ஒரு மணி பின்னால். கைப்பேசி தானாக மாறும், கப்பல் நேரம் மாறாமலும் இருக்கலாம். ஒரு கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்திலேயே வைத்திருங்கள்.

கப்பலைத் தவறவிட்டால் செய்ய வேண்டியது, நிகழ்ச்சித் தாளில் அச்சிட்டிருக்கும் துறைமுக முகவரின் எண்ணை அழைப்பது. எனவே அந்தத் தாளும் கையோடு இருக்கட்டும். கடவுச்சீட்டைக் கப்பல் வாங்கி வைத்திருக்காவிட்டால் அதையும் எடுத்துக்கொண்டு இறங்குங்கள். வாங்கி வைத்திருந்தால் முகப்புப் பக்கத்தின் நகல். அடுத்த துறைமுகத்துக்குப் போகும் விமானச் செலவு உங்களுடையதே. விமான நிலையம் பாயான் லெப்பாசில், ஊரின் தெற்கே 16 கிலோமீட்டர்.

வாங்கிவர ஜாதிக்காய் ஊறுகாயும் தைலமும், பருப்புப் பூரணம் வைத்த தம்புன் பிஸ்கட்டும் நல்லவை. கட்டிய பாக்கெட்டாக இருந்தால் கப்பலில் விடுவார்கள். பொட்டலம் கட்டிய சமைத்த சாப்பாட்டை விடமாட்டார்கள். வாங்கிய மது பாட்டிலை வாசலிலேயே வாங்கி வைத்துக் கடைசி நாளில்தான் தருவார்கள், மலேசியாவிலிருந்து வருபவர்களுக்குச் சிங்கப்பூரில் மதுவுக்கு வரிச்சலுகையும் கிடையாது. ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை டுரியான் பழக்காலம். ஆசைப்பட்டால் கடைவாசலிலேயே உட்கார்ந்து தின்று, கையைக் கழுவி, அரை மணி நடந்துவிட்டு வாருங்கள். அதன் வாடையால், பழத்தோடு இறங்குபாலத்தில் ஏற முடியாது.